வடக்கு ஜன்னலில் நடுராத்திரி வெயில்

ஜூன் மாதம், ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். தூத்துக்குடியில் அப்போது காலை ஐந்து. வாசல் தெளிப்பதற்கு முன்னால் போனை ஒரு தடவை பார்ப்பது அம்மாவுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்தபோது என் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருந்திருக்கிறது. "ஏட்டி, இன்னும் உறங்கலையா நீ?" என்றாள். அவளுக்குப் பின்னால் முற்றம் கும்மிருட்டாக இருந்தது, அடுக்களை டியூப்லைட் வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரிந்தது. என் பக்கம் ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "அங்க என்னட்டி வெயிலு இந்த அடி அடிக்கி? மணி என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப நீங்க விளக்கு எப்பதான் பொருத்துவீங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு ஒரு பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடை முழுக்க ஆயிற்று, அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் இருப்பது நார்வேயின் வடக்கே ட்ரம்சோ. ஆர்க்டிக் வட்டத்திலிருந்தே இன்னும் 350 கிலோமீட்டர் போல வடக்கே போக வேண்டும். நாங்கள் வந்து இறங்கியது ஒரு செப்டம்பரில். வந்த நாள் முதல் எல்லாரும் இருட்டைப் பற்றியே பயமுறுத்தினார்கள். நவம்பர் 27 வாக்கில் போகும் சூரியன் ஜனவரி 15 வாக்கில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும், வைட்டமின் டி சாப்பிடு, காலையில் உட்கார ஒரு பிரகாச விளக்கு வாங்கி வை, வாரத்துக்கு நாலு தடவையாவது வெளியே நட என்று ஆளாளுக்கு அறிவுரை. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டோம். வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியாது போல, இரண்டு மாதம் இருட்டில் கிடந்தவர்களிடம் போய் வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று புகார் சொல்ல முடியுமா?

மே 20 வாக்கில் சூரியன் மறைவதை நிறுத்துகிறது. ஜூலை 22 வாக்கில்தான் மறுபடி மறையும். இது மறையாத நாட்களின் கணக்கு மட்டும். அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு, சூரியன் கீழே போனாலும் இருட்டுவதில்லை, நம் ஊரில் விடிவதற்கு முன் கால் மணி நேரம் இருக்குமே அந்த வெளிச்சம் ராத்திரி பூராவும் நிற்கும். ஏப்ரல் கடைசியில் நட்சத்திரங்கள் போனால் ஆகஸ்ட் பாதியில்தான் வரும். தூத்துக்குடியில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். ஜூனில் காலை ஆறு மணிக்கு உதித்துச் சாயங்காலம் 6:40க்கு அடைகிற சூரியனைப் பார்த்து வளர்ந்த உடம்பு என்னுடையது.

இப்போது வடக்கு ஜன்னல் கதைக்கு வருகிறேன். வீடு பார்த்தபோது எங்களுக்கு இரண்டு படுக்கையறைகள் கிடைத்தன, ஒன்று மேற்குப் பக்கம், ஒன்று வடக்குப் பக்கம். நான் யோசிக்கவே இல்லை. மேற்கு அறையில் படுத்தால் சுவர் ராத்திரி பத்து மணி வரைக்கும் அனலைக் கக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வடக்கு என்றால் குளுமை, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம், அதோடு வடக்கு பார்த்த வீடு அம்மாவுக்கும் திருப்தி. வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்து, என் உற்சாகத்தைப் பார்த்து விட்டுவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே கோடையில் சூரியன் கிழக்கில் உதித்து மேற்கில் விழுவதில்லை. சாய்த்து வைத்த தட்டின் விளிம்பில் கோலிக்குண்டை உருட்டி விட்டதுபோல் வானத்தைச் சுற்றி வருகிறது. தெற்கே இருக்கும்போது உயரமாக, 44 டிகிரி வரை. அப்புறம் மேற்கு, வடமேற்கு என்று இறங்கிக்கொண்டே வந்து, நேர் வடக்கில் தட்டின் தாழ்ந்த விளிம்பைத் தொடுகிறது. ஜூன் 21 வாக்கில் அங்கே அதன் உயரம் மூன்று டிகிரி. கையை நீட்டி இரண்டு விரலைப் படுக்கவைத்தால் அடிவானத்துக்கும் அதற்கும் இடையில் அவ்வளவுதான் இடம். கோடைக்காலக் கடிகாரக் கணக்கில் அது நிகழ்வது நள்ளிரவு 12:45 வாக்கில். வடக்கே கடல் திறந்து கிடக்கும் சரிவில் எங்கள் வீடு. ஆகவே வருஷம் முழுக்க வெயில் படாத என் அருமை வடக்கு ஜன்னலுக்குள், இந்தக் கோடை மாதங்களில் மட்டும், சரியாக நான் தூங்க வேண்டிய நேரத்துக்கு, தட்டையான மஞ்சள் வெயில் நேராகத் தலையணைக்கு வரும். மேற்கு அறையை எடுத்திருந்தால் நேருக்கு நேர் அடிக்கும் வெயில் சாயங்காலத்தோடு போயிருக்கும்.

முதல் மூன்று வாரம் கொண்டாட்டமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் களைப்பே இல்லை. பதினொரு மணிக்கு மாவு அரைத்தேன், பன்னிரண்டு மணிக்கு அலமாரியை ஒழுங்கு பண்ணினேன். ஒருநாள் ஒரு மணிக்கு நானும் இவரும் தோசை சுட்டுச் சாப்பிட்டோம். எதிர் வீட்டுக்காரர் ராத்திரி பதினொன்றுக்கு ஏணி போட்டு வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், பிள்ளைகள் டிராம்போலினில் குதித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் முழித்திருக்கும்போது நமக்கு மட்டும் என்ன தூக்கம்? காப்பி குடிக்காமலே காப்பி குடித்தது மாதிரி ஒரு துடிப்பு.

நாலாவது வாரத்தில் விழுந்தேன். முதலில் சாம்பாரில் உப்பு இல்லை, சரி, அது யாருக்கும் நடப்பதுதான். அடுத்து அலுவலகத்தில் ஒரே மின்னஞ்சலை ஒரே ஆளுக்கு இரண்டு தடவை அனுப்பினேன், இரண்டாவது தடவை வேறு விஷயத்தை எழுதி. அப்புறம் பஸ்ஸில் தூங்கி, கடைசி நிறுத்தத்தில் டிரைவர் வந்து எழுப்பினார். மகளின் பள்ளியில் விடுமுறைக்கு முந்தின விழாவில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது, மகள் மேடையிலிருந்து பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்தால் வராது. உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கும், கண்ணுக்குள் மணல் போட்டது மாதிரி இருக்கும், ஆனால் தூக்கம் மட்டும் வாசலிலேயே நிற்கும். களைப்பும் தூக்கமும் ஒன்றுதான் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் நான் செய்த ஒரு வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. போனின் நீல ஒளி தூக்கத்தைக் கெடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, திரையை மஞ்சளாக்கும் நைட் மோட் போட்டுக்கொண்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வராந்தா வெயிலில்.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், யாழ்ப்பாணம். எண்பதுகளில் நார்வேயின் வடகோடிக்கு, ஃபின்மார்க் கடற்கரைக் கிராமங்களின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த ஈழத்தமிழர்களில் அவரும் ஒருவர். பல பேர் பிறகு ஒஸ்லோ பக்கம் தெற்கே போய்விட்டார்கள், இவர் ட்ரம்சோவோடு நின்றுவிட்டார். கடையில் என்னைப் பார்த்ததும், "பிள்ளை, உங்களுக்கு நித்திரை இல்லையெண்டு முகத்திலயே தெரியுது" என்றார். அம்மாவுக்கு உறக்கம், அக்காவுக்கு நித்திரை, எனக்குத் தூக்கம். மூன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை.

அவர் தன் முதல் கோடையைப் பற்றிச் சொன்ன கதை இது. மீன் வரத்து அதிகமான ஒருநாள் நீண்ட ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிறார். முழித்துப் பார்த்தால் சுவர்க் கடிகாரம் ஆறு காட்டுகிறது, வெளியே நல்ல வெயில். ஐயோ, நேரமாகிவிட்டது என்று முகம் கழுவி, பூட்ஸ் மாட்டி, தொழிற்சாலைக்கு ஓடினால் வாசல் பூட்டிக் கிடக்கிறது. அது சாயங்காலம் ஆறு. முள் வைத்த கடிகாரத்துக்குக் காலை ஆறும் மாலை ஆறும் ஒன்றுதான், ஜன்னலைப் பார்த்துத்தானே நாம் எதுவென்று முடிவு செய்கிறோம், ஜன்னலும் இரண்டு வேளையும் ஒரே மாதிரி இருந்தால் என்ன செய்வது? அதற்குப் பிறகு எந்த மலைக்கு மேலே சூரியன் நிற்கிறது என்று பார்த்து நேரம் சொல்லப் பழகிக்கொண்டாராம். "முதல்ல உந்த யன்னலை அடையுங்கோ. மற்றதெல்லாம் பிறகு" என்றார்.

ஜன்னலை அடைப்பது பெரிய வேலையா என்று கேட்காதீர்கள், நான் அதில் இரண்டு வாரம் செலவழித்தேன்.

முதலில் கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டோம். வெயில் அதற்குள் புகுந்து அறை முழுக்கப் பூப்போட்டது. அடுத்து அலுமினியத் தாள், சமையலுக்கு வைத்திருப்பது, அதைக் கண்ணாடியில் நேரே ஒட்டினோம். இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் தெருவிலிருந்து பார்த்துவிட்டுப் பதறி வந்தார். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் சூடு கட்டிக்கொண்டால் கண்ணாடி விரிசல் விடலாம், தாளை உடனே எடுங்கள் என்றார். பிறகு கடையில் ப்ளெண்டிங்ஸ்கார்டின் என்று இவர்கள் சொல்லும், வெளிச்சம் ஊடுருவாத சுருள் திரையை வாங்கி மாட்டினோம். துணியில் குறையே இல்லை. ஆனால் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு சந்து விட்டுத்தான் அதை மாட்ட முடியும், இல்லாவிட்டால் உருளாது. மூன்று டிகிரி உயரத்தில் நிற்கும் வெயிலுக்கு ஒரு விரல் சந்து போதும். எதிர்ச் சுவரில் இரண்டு நெருப்புக் கோடு போட்டு, அது மணிக்கு மணி நகர்ந்து, ஒன்றே கால் போல என் கண்ணுக்கு வந்து நிற்கும். இதுபோக ஜன்னல் சட்டத்தின் உச்சியில் காற்றுக்கென்று ஒரு கீற்றுத் துவாரம் இருக்கிறது, அதையும் மூட மனசு வரவில்லை, ஏனென்றால் இந்த வீடுகள் குளிருக்காகக் கட்டியவை, சூட்டை விடவே விடாது. வெளியே 15 டிகிரிதான் இருக்கும், அறைக்குள் புழுங்கும். குளிர்காலத்துக் கனத்த போர்வையோடு ஜூனில் படுத்திருந்தோம் என்பதும் அப்புறம்தான் உறைத்தது, இங்கே கோடைக்கு என்று மெல்லிய போர்வை தனியாக விற்கிறார்கள்.

கடைசியில் வேலைக்கு ஆனது இதுதான்: சுருள் திரை அப்படியே இருக்கட்டும், அதற்கு முன்னால் இன்னொரு கனத்த திரைச்சீலை, ஜன்னலைவிட ஒரு முழம் அகலமாக, மேலே கூரையிலிருந்து கீழே தரை வரை. இரண்டு ஓரத்தையும் வெல்க்ரோ வைத்துச் சுவரோடு ஒட்டிவிட்டோம். மேலே துவாரத்துக்கு நேராகக் கறுப்பு அட்டையை ஒரு கூரை மாதிரி மடித்து வைத்தார் இவர், காற்று வரும், வெளிச்சம் கீழே வராது. அந்த அட்டைக்கு மட்டும் அவருக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தோம். கண்ணுக்குக் கட்டும் துணி எனக்கு ஒத்துவரவில்லை, பாதி ராத்திரியில் கழுத்துக்கு வந்துவிடும். மகள் அதைப் பொம்மைக்குக் கட்டிவிட்டாள்.

சரி, அறை இருட்டாகிவிட்டது, தூக்கம் வந்ததா? வரவில்லை. இருட்டில் முழித்துக் கிடந்தேன். இங்கேதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது.

நம் கண்ணில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தை அளப்பதற்கென்றே ஒரு சிறு கூட்டம் செல்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கிறது, தவளைத் தோலில் முதலில் கண்டுபிடித்தது, 1998இல். 2002இல்தான் அந்த நிறமி உள்ள விழித்திரைச் செல்கள் மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு நேரே சேதி சொல்கின்றன என்று உறுதியாயிற்று. பார்வை முழுக்கப் போனவர்களில் சிலருக்குக்கூட இந்தச் செல்கள் வேலை செய்கின்றன. இவை உருவத்தையோ அழகையோ பார்ப்பதில்லை, எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் கணக்கு வைக்கின்றன, அதிலும் நீல ஒளிக்கு ரொம்பக் கூர்மை. வெளிச்சம் குறையும்போது, ராத்திரி ஆயிற்று என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கிறது, அது நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணி வரை வெயிலில் நின்றுவிட்டுப் பதினொன்றரைக்கு இருட்டறைக்குள் ஓடிப் படுத்தால் உடம்புக்கு அது சாயங்காலம் ஐந்து மணிக்கு யாரோ மின்சாரத்தை நிறுத்தியது மாதிரிதான் படும்.

இன்னொன்று, மனிதரின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிஷங்கள் அதிகமாகவே ஓடுகிறது. காலை வெளிச்சம் அதைத் தினமும் முன்னால் இழுத்துச் சரி செய்கிறது, ராத்திரி வெளிச்சம் பின்னால் தள்ளுகிறது. எந்நேரமும் வெளிச்சம் இருக்கிற ஊரில் நாம் ராத்திரி வெளிச்சத்தை முழுசாக வாங்கிக்கொண்டு, காலையில் திரையைப் போட்டு இழுத்து மூடித் தூங்கினால், கடிகாரம் தினம் தினம் பின்னாலேயே போகும். நான் சரியாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

துருவ மான்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இன்னும் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருப்பவை கோடையில் பகல் இரவு என்ற தாளத்தையே விட்டுவிடுகின்றன, பசித்தால் மேய்ந்து, நிறைந்தால் படுத்து அசைபோட்டு, இருபத்து நாலு மணி நேரமும் அப்படியே. கண்ணின் பின்புறம் இருக்கும் பளபளப்புப் படலம்கூடக் கோடையில் பொன்னிறமாகவும் குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுமாம், இந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆட்களும் சேர்ந்து கண்டுபிடித்தது. எனக்கு அந்த வசதி எல்லாம் இல்லை.

மான்கள் மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு, அல்லது அப்படி நினைத்ததாக உலகம் நம்பியது. இங்கிருந்து மேற்கே இருக்கும் சொம்மரோய் என்ற சின்னத் தீவின் மக்கள் கடிகாரமே வேண்டாம், எங்களை நேரமற்ற பகுதியாக அறிவியுங்கள் என்று கேட்பதாக 2019இல் செய்தி வந்தது. பாலத்தில் கைக்கடிகாரங்களைக் கழற்றிக் கட்டியிருக்கும் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. கொஞ்ச நாளில் அது சுற்றுலாவுக்காகச் செய்த விளம்பர வேலை என்று தெரிந்துபோயிற்று. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் இங்கே பல வருஷமாக இருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் கடிகாரத்தை நம்மைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை உள்ள வீடுகளில் பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு என்ஆர்கே என்ற அரசுத் தொலைக்காட்சியில் பிள்ளைகள் நிகழ்ச்சி, அது முடிந்ததும் ரொட்டியும் பழுப்புச் சீஸும், பல் தேய்ப்பு, ஏழு, ஏழரைக்குப் படுக்கை. வெளியே சூரியன் உச்சியில் நின்றாலும் சரி, மத்தியானம் தாண்டியதிலிருந்தே இருட்டாகக் கிடந்தாலும் சரி, ஆறு மணி என்றால் ஆறு மணி. பெரியவர்கள் வேண்டுமானால் ஜூனில் கூத்தடிப்பார்கள், குளிர்காலத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்பார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அந்தப் பேச்சே கிடையாது.

நாங்கள் அப்படி வளரவில்லையே. எங்களுக்குச் சாயங்காலத்தைச் சொன்னது கடிகாரமா? கிரிக்கெட் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால் ஆட்டம் முடிந்தது. புங்க மரத்தில் காக்கைகள் வந்து அடைந்து சத்தம் போடும். கடல்காற்று ஓய்ந்து, ஒரு புழுக்கம் வந்து, கொசு வரும். வாசலில் நின்று யாராவது அம்மா "விளக்குப் பொருத்துற நேரமாச்சு, உள்ள வா" என்று கத்துவாள். கால் கழுவிவிட்டு உள்ளே போனால் அதோடு பகல் முடிந்தது, அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வேறு வேலை, வேறு குரல். நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலத்தைக் கொடுத்தார்கள் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா, மாலைக்கு முல்லை, யாமத்துக்குக் குறிஞ்சி என்று. இங்கே இரண்டு மாதத்துக்கு அந்த மாலையும் யாமமும் ஊரைவிட்டே போய்விடுகின்றன, பாவம் முல்லைத் தலைவி எந்நேரத்தில் காத்திருப்பாள்.

என் மகளை நான் சின்னதிலிருந்து தூங்க வைத்த தந்திரமும் இங்கே என் மேலேயே திரும்பியது. சூரியன் தூங்கப் போயாச்சு, நீயும் தூங்கு என்பேன். ஒருநாள் ஜன்னலைக் காட்டிச் சொன்னாள்: "அதுக்கு இப்போ நைட் ஷிப்டும்மா."

இந்த ஊர் மசூதியைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் எனக்கு வழி காட்டியது. ரமலான் கோடையில் வந்த வருஷங்களில், மறையாத சூரியனை வைத்து எப்போது நோன்பு திறப்பது? அவர்கள் மெக்காவின் நேரப்படி வைத்துக்கொண்டார்களாம். எவ்வளவு நேரான யோசனை! சூரியன் சொல்லாத ஊரில், சொல்கிற ஊரின் நேரத்தை எடுத்துக்கொள். சரி, நான் தூத்துக்குடியின் நேரத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே ஜூனில் சூரியன் அடைவது 6:40. இங்கே எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் 6:40 ஆனால் விளக்கு.

முதல் நாள் நன்றாகவே இல்லை. பளீர் வெயிலில் காமாட்சி விளக்கின் சுடர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் கூடத்துத் திரையையும் இழுத்துவிட்டோம். சாம்பிராணி போடலாம் என்று போய், கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள், அது தனிக் கதை. சாம்பிராணியை விட்டுவிட்டோம், விளக்கு நின்றுவிட்டது. 6:40க்கு விளக்கு, ஏழு மணிக்குச் சாப்பாடு, அதற்குப் பிறகு கூடத்தில் ஒரு மூலை விளக்கு மட்டும். எட்டு மணிக்கு மேல் வெளியே போக வேண்டியிருந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூலிங் கிளாஸோடு குப்பை கொட்டப் போகும் பெண் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும். வீட்டு விளக்கின் வெளிச்சம், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், ஒன்றிரண்டு நூறு இருக்கும், மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ். இதைத் தெரிந்துகொண்ட பிறகு போனில் நைட் மோடைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

காலை இதைவிட முக்கியம், கஷ்டமும் அதில்தான் அதிகம். ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும், சனி ஞாயிறு உட்பட. எழுந்தவுடன் எல்லாத் திரையையும் திறந்து, காப்பியோடு வராந்தாவில் அரை மணி நேரம். முதல் வாரம் செத்துப்பிழைத்தேன். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு, பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது, கொட்டாவி வந்தது. நிஜமான கொட்டாவி. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மெலடோனின் மாத்திரையும் ஒரு கட்டத்தில் முயன்றேன், டாக்டரைக் கேட்டுத்தான். நான் நினைத்தது மாதிரி அது அடித்துப் படுக்கவைக்கும் மருந்து இல்லை, எந்நேரத்தில் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு, படுக்கப் போகிற நேரத்தில் முழுங்கிவிட்டு வெயிலில் உட்கார்ந்தால் காசுக்குக் கேடு. சாயங்காலத்தை ஒழுங்குபடுத்திய பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை. உங்களுக்கு எப்படியோ, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியாகாததும் உண்டு. கடற்காகங்களுக்கு நான் விளக்கு வைத்தது தெரியாது, ராத்திரி மூன்று மணிக்குக் கூரையில் உட்கார்ந்து சண்டை போடும். ஜூனில் ஒரு சனிக்கிழமை இங்கே நள்ளிரவுச் சூரிய மாரத்தான், 1990இலிருந்து நடக்கிறது, அன்றைக்குத் தெருவெல்லாம் கைதட்டலும் மணியோசையுமாக இருக்கும், தூங்குகிறேன் என்று சொல்வதே அபசாரம். அப்புறம் மனசில் ஒரு குற்ற உணர்ச்சி. வெளியே பொன்வெயில், எல்லாரும் படகில் போகிறார்கள், இறால் உரித்துச் சாப்பிடுகிறார்கள், நவம்பரில் இதற்காக ஏங்கப் போகிறோம், நான் மட்டும் திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே இருக்கிறேன். அதற்காக வருஷத்துக்கு இரண்டு ராத்திரி விதிவிலக்கு வைத்திருக்கிறோம். ஒன்று மாரத்தான். இன்னொன்று மலைக்குப் போவது, நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து கட்டிய ஆயிரத்து இருநூறு கல் படிக்கட்டில் ஏறி, உச்சியில் நள்ளிரவு வரை உட்கார்ந்து, புளியோதரை சாப்பிட்டுவிட்டு, கேபிள் காரில் இறங்கி வருவோம். மறுநாளும் ஆறரைக்கு எழுந்திருப்பதுதான் அதற்கு விலை.

இந்த வருஷம் மூன்றாவது கோடை. இதை எழுத ஆரம்பித்தது எட்டு மணிக்கு, ஒரு பக்கத்தோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன், இப்போது பத்தே முக்கால். எதிர் வீட்டுக்காரர் இந்த வருஷம் வேலிக்குப் பெயின்ட் அடிக்கிறார். படுக்கையறையில் இடது ஓரத்து வெல்க்ரோ மறுபடியும் கிளம்பியிருக்கிறது போல, மகளின் கால்மாட்டில் ஒரு கோடு விழுந்துகிடக்கிறது. ஒரு மணிக்குள் அது முகத்துக்கு வந்துவிடும். போய் ஒட்ட வேண்டும், ஸ்டூல் எங்கே என்று தெரியவில்லை. ஒன்றரைக்கு அம்மா போனைப் பார்ப்பாள், அதற்குள் நான் ஆன்லைனில் இல்லாமல் இருக்க வேண்டும்.